இரண்டு சதவீதம்

ஜூலை 6

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். என் கையெழுத்து உங்களுக்குப் புதிது. நான் யார் என்று தெரிந்தால் இதை மேற்கொண்டு படிப்பீர்களோ, கிழித்துப் போடுவீர்களோ தெரியவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விட்டுப்போன வீட்டில் ஒன்பது வருடமாகக் குடித்தனம் செய்பவள் நான். லிஃப்ட் மெக்கானிக்கின் இரண்டாவது மனைவி.

அவர் போன மார்ச் மாதம் இறந்துவிட்டார். யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? ஒரு ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்டைச் சரிபண்ணிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, இரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று படியில் உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்கவில்லை. அவர் தூங்குகிறார் என்றே காவலாளி நினைத்திருக்கிறார்.

துக்கம் சொல்வதற்கு மட்டும் எழுதவில்லை. தேன்பெட்டிகள் ஐந்தும் இன்னும் பின்பக்கம் இருக்கின்றன. ஆள் போனது தேனீக்களுக்குத் தெரியுமா? அவை பாட்டுக்கு வேலை செய்து, பெட்டிக்குள் இருக்கும் அடைச்சட்டமெல்லாம் நிறைந்து வழிகிற நிலை. எனக்கு மனசு கேட்கவில்லை. அவருடைய உடையைப் போட்டுக்கொண்டு (இரண்டு ஆள் நுழையலாம்), அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, மூன்று தகர டின் தேன் எடுத்துவிட்டேன். நான் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள். கத்தரி பிடித்த கைக்கு இது பெரிய சாகசம்தான்.

அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறேன். நோட்டில் ஒவ்வொரு வருடமும் 'ஈரம்' என்று ஒரு எண் இருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் பாட்டிலில் அடைக்க வேண்டும் என்று தெரிகிறது. அதற்கான கருவி, அந்தக் கறுப்புக் குழல், தோல் உறையில் இருக்கிறது. எப்படிப் பார்ப்பது? எந்த எண் வரைக்கும் சரி? அவர் இருந்தவரை, ஸ்பூனை நக்கிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்வது மட்டுமே என் வேலை.

நோட்டின் முதல் ஏழு வருடப் பக்கங்கள் அவர் கையெழுத்தில் இல்லை. உருண்டை உருண்டையாக, அழகான எழுத்து. உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். பின் அட்டையில் உங்கள் முகவரி இருந்தது. இரண்டு முகவரிகளை அடித்துவிட்டு, மூன்றாவதாக இதை எழுதியிருக்கிறார்.

உங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னியுங்கள்.

இப்படிக்கு,
லிஃப்ட்காரர் வீட்டிலிருந்து


ஜூலை 14

அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. அவர் போன செய்தி எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் யாருக்கும் இல்லை. உங்களுக்கு என் வருத்தம்.

நீங்கள் கேட்டது தேனைப் பற்றி. தேனைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

டின்னையும் குழலையும் ஒரே அறையில் அரை நாள் வையுங்கள். ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால் எண் பொய் சொல்லும். ஜன்னலைச் சாத்திவிடுங்கள், தேன் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். டின்னில் மேலே இருக்கும் தேன் நீர்த்து இருக்கும், அதனால் அடிவரை நன்றாகக் கலக்கிவிட்டு எடுங்கள். குழலின் முனையில் ஒரு கண்ணாடிச் சில்லு இருக்கும். அதைத் துடைத்து, ஒரு சொட்டுத் தேன் வைத்து, மேலே இருக்கும் சின்ன மூடியை மெதுவாக அழுத்துங்கள். நடுவில் காற்றுக்குமிழி கூடாது. அரை நிமிஷம் விட்டு, வெளிச்சத்தைப் பார்க்கத் திருப்பி, மறுமுனையில் கண்ணை வையுங்கள். மேல் பாதி நீலம், கீழ்ப் பாதி வெள்ளை. இரண்டும் சந்திக்கும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் ஈரம், சதவீதக் கணக்கில். ஒவ்வொரு டின்னுக்கும் மூன்று தடவை பாருங்கள்.

பதினெட்டுக்குக் கீழே என்றால் கவலையே இல்லை. பத்தொன்பது வரைக்கும் தாங்கும். இருபதைத் தொட்டால் அடைக்காதீர்கள். புளித்து நுரைத்து மூடியைத் தள்ளும்.

ஒன்று சொல்ல வேண்டும். அளவு பார்ப்பதில் என்னைவிடக் கவனமான யாரிடமாவது கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அதில் கெட்டிக்காரி என்று அந்த வீட்டில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சுவர் ஓரமாக ஒரு பெட்டி இருந்தது. யார் கிட்டே போனாலும் முதலில் முகத்தைப் பார்த்துக் கொட்டும். 'மாமியார்' என்று பேர் வைத்திருந்தோம். அது இன்னும் இருக்கிறதா? சும்மா கேட்டேன்.

இப்படிக்கு,
பழைய முகவரிக்காரி


ஜூலை 23

அன்புள்ள அக்காவுக்கு,

'அம்மா' என்று நீங்கள் என்னைக் கூப்பிட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்கு வருகிறவர்கள்கூட என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை. நான் உங்களை அக்கா என்றே கூப்பிடப் போகிறேன். பிடிக்கவில்லை என்றால் எழுதுங்கள், நிறுத்திக்கொள்கிறேன்.

மாமியார் இருக்கிறாள்! ராணிகள் எத்தனையோ மாறியிருக்கும், குணம் மாறவில்லை. போன வாரம் என் மூக்கிலேயே கொடுத்தாள். இரண்டு நாள் முகமே தெரியாமல் வெறும் மூக்காகக் கடையில் நின்றேன். பேர் வைத்தது நீங்கள் இருவரும் என்று அவர் சொன்னதே இல்லை, தானே வைத்ததாகச் சொல்லிக்கொள்வார்.

அவரை நான் சந்தித்ததும் ஒரு தேனீயால்தான். முடி வெட்ட வந்து உட்கார்ந்தார். சீப்பை வைத்து வாரியதும் தலைக்குள்ளிருந்து ஒரு தேனீ வெளியே நடந்து வந்தது. கடையில் இருந்த மூன்று பேரும் தெருவுக்கு ஓடினார்கள். நான் அதைச் சீப்பில் ஏற்றி ஜன்னல் வழியே விட்டேன். "பயப்படலையா?"ன்னு கேட்டார். "உங்க தலையில பேன் இருந்தாத்தான் பயப்படுவேன்"னேன். அதற்குப் பிறகு வாரா வாரம் வந்தார். வெட்டுவதற்கு முடியே இருக்காது.

சரி, தேன். நீங்கள் எழுதியபடியே செய்தேன். நீலமும் வெள்ளையும் தெரிந்தபோது குழந்தை மாதிரி கத்திவிட்டேன். மூன்று டின்னும் பதினாறரை. பாஸ் ஆகிவிட்டோம்!

ஆனால் இரண்டு விஷயம் உறுத்துகிறது. ஒன்று, தேன் அவ்வளவு கெட்டியாக இல்லை. போன வருடத் தேன் ஸ்பூனிலிருந்து நாடா மாதிரி மடிந்து மடிந்து விழும். இது விறுவிறுவென்று இறங்குகிறது. மற்றது, நோட்டில் பிந்தைய வருடங்களில் அவர் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் '+2' என்று போட்டிருக்கிறார். '15.5 +2.' '16 +2.' ஏதோ அவருடைய கணக்கு என்று விட்டுவிட்டேன். இப்போது என்னவென்று கேட்கத் தோன்றுகிறது. உங்கள் பக்கங்களில் அப்படி இல்லை.

கடைசியாக ஒன்று. நீங்கள் அளவு பார்ப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் என்னிடம் ஏதாவது சொன்னாரா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டதாகவே எனக்குப் பட்டது. சொல்லியிருக்கிறார். "அவளுக்குக் கவனம் பத்தாது" என்று. நான் பொய் சொல்ல விரும்பவில்லை.

அன்புடன்,
தங்கச்சி


ஆகஸ்ட் 1

தங்கச்சிக்கு,

பிடிக்கவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மூக்குக் கதை அதைக் கெடுத்துவிட்டது. இருக்கட்டும்.

'+2' என்னவென்று எனக்குத் தெரியாது. என் காலத்தில் அப்படி எதுவும் கிடையாது. ஆனால் இளகிய தேனுக்குப் பதினாறரை வராது. ஒரு சோதனை சொல்கிறேன். கடையில் ஆலிவ் எண்ணெய் வாங்குங்கள், முதல் பிழிவில் எடுத்தது என்று போட்டிருக்கும். தேனுக்குப் பதில் அதில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். கோடு இருபத்தேழை ஒட்டி நிற்க வேண்டும். நின்றால் குழல் சரி. நிற்காவிட்டால் குழலே தவறு. அதன் கழுத்தில் ஒரு ரப்பர் மூடிக்குக் கீழே சின்னத் திருகு இருக்கும், அதைத் திருப்பிச் சரிசெய்யலாம்.

இது எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது. வாங்கின குழலை வாங்கினபடியே நம்பினோம். நான் இதைக் கேள்விப்பட்டது மூன்று வருடம் முன்பு. நான் வேலை செய்வது ஒரு நீச்சல்குளத்தில். அலமாரிச் சாவியும் துண்டும் எடுத்துக் கொடுப்பேன். அங்கே நீந்த வரும் ஒரு பெண் தேனீ வளர்க்கிறாள். தலையைத் துவட்டிக்கொண்டே பேச்சுவாக்கில் இந்த எண்ணெய் விஷயத்தைச் சொன்னாள். என் மனசு ஒரு நிமிஷம் எங்கேயோ போய்விட்டு வந்தது. பிறகு துண்டுகளை மடித்தேன்.

எங்கே போய்வந்தது என்று உங்களுக்குச் சொல்லலாம். பாதிக் கதை கேட்டிருக்கிறீர்கள், மீதியையும் கேளுங்கள்.

முதல் ஆறு வருடம் நன்றாகத்தான் இருந்தோம். அது உங்களுக்குக் கஷ்டமாக இருந்தாலும் எழுதுகிறேன். தண்டவாளத்து ஓரத்து மரங்கள் பூக்கிற பத்து நாளும் வீடே வாசனையாக இருக்கும். அவர் பிழியும் டிரம்மைச் சுற்றுவார், நான் கத்தியால் மெழுகு மூடியைச் சீவுவேன். தரையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும். செருப்பு ஒரு இடத்தில், கால் ஒரு இடத்தில். அவருடைய கிட்டப்பார்வைக் கண்ணாடி குழலில் இடிக்கும் என்பதால் எண் பார்ப்பது எப்போதும் நான்தான். "எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு, எலிக்குக் காத்திருக்கும் பூனை மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் வேண்டுமென்றே நேரம் கடத்துவேன். ஒரு வீட்டில் இரண்டு பேர் சந்தோஷமாக இருந்ததற்கு இதைவிட எனக்கு வேறு சாட்சி தெரியவில்லை.

ஏழாவது வருடம் ஒரு பேக்கரிக்காரர் இருநூறு பாட்டில் கேட்டார். முதல் பெரிய ஆர்டர். தேனீக்கள் எல்லாச் சட்டத்துக்கும் மெழுகு மூடி போட்டு முடிக்கவில்லை, தேன் இன்னும் முற்றவில்லை, "இன்னும் ஒரு வாரம் விடலாம்" என்றேன். அவருக்கு அவசரம். எடுத்தோம். நான் பார்த்தேன். பதினெட்டரை. அடைத்துக் கொடுத்தோம்.

இரண்டு மாதத்தில் பேக்கரி அலமாரியில் ஒவ்வொரு மூடியாக வெடித்தது. நுரை வழிந்து கீழ்த்தட்டு ரொட்டியெல்லாம் பாழ். பேக்கரிக்காரர் பெட்டி பெட்டியாக வாசலில் கொண்டுவந்து இறக்கினார். நானும் அங்கேதான் நிற்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் அவரிடம் சொன்னார்: "இவ பாத்த அளவுங்க. கண்ணை மூடிக்கிட்டுப் பாத்திருப்பா."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சத்தம் போடவில்லை. நான் பூட்டின கதவை மறுபடி இழுத்துப் பார்ப்பார். நான் அணைத்த அடுப்பைத் தொட்டுப் பார்ப்பார். நான் உப்புப் போட்டேன் என்றால் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். இரண்டு வருடம் அப்படி வாழ்ந்தேன். பிறகு கிளம்பிவிட்டேன்.

எண்ணெய்ச் சோதனையைச் செய்துவிட்டு எழுதுங்கள்.

அக்கா


ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

எண்ணெய் இருபத்தைந்தில் நின்றது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன், இருபத்தைந்து. அடுத்த நாள் வேறு கடையில் வேறு பாட்டில் வாங்கி வைத்தேன். அதுவும் இருபத்தைந்து. என் கண்ணை நம்பாமல், பாலத்துக்கு அந்தப் பக்கம் தேன் விற்கும் வாத்தியாரிடம் ஒரு கிண்ணத்தில் தேனைக் கொண்டுபோனேன். அவருடைய புதுக் கருவியில் பதினெட்டரை வந்தது. நம் குழலில் பதினாறரை.

அக்கா, அந்தக் குழல் எப்போதும் இரண்டு குறைத்துத்தான் காட்டும். உங்கள் காலத்திலிருந்தே அப்படித்தான்.

இது எப்படி எனக்குத் தெரியும் என்றால், நோட்டை முதல் பக்கத்திலிருந்து வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தேன். முன்பு பேனா எழுத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். உங்கள் ஏழு வருட எண்கள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மெல்லிசாகப் பென்சிலில் திருத்தம் இருக்கிறது. 15.5 என்று நீங்கள் எழுதினதற்கு 17.5. 16-க்கு 18. பேக்கரி வருடம் நீங்கள் எழுதினது 18.5. அதற்குப் பக்கத்தில் 20.5. அதற்குக் கீழே, அவர் கையெழுத்தில் ஒரு வரி:

"கருவியின் தவறு. ஆளின் தவறு அல்ல."

கீழே தேதி போட்டிருக்கிறார். அது பத்து வருடத்துக்கு முந்தைய தேதி. நீங்கள் போய் நான்கு வருடம் கழித்து. எங்கள் கல்யாணத்துக்கு ஒரு வருடம் முன்பு.

அவருக்குத் தெரிந்திருக்கிறது அக்கா. முகவரி மாற மாறக் குறித்து வைத்திருக்கிறார். எழுதவில்லை. ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் திருகித் திருகிச் சரிபண்ணினவர், அந்தக் குழலின் திருகை மட்டும் தொடவேயில்லை. ஒவ்வொரு வருடமும் தவறாகப் பார்த்து, கையால் இரண்டைக் கூட்டி எழுதியிருக்கிறார். ஏன் என்று நான் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் முதல் இரண்டு கடிதத்தையும் முடித்தேன். ஆனால் நீங்கள் பேக்கரிக் கதையை எழுதின பிறகு நான் ஒன்றை மறைப்பது நியாயம் இல்லை. அந்தக் கதை எனக்கு முழுசாகவே தெரியும். விருந்தாளிகள் வந்தால் அவர் சொல்வார். மூடி வெடிக்கிற சத்தத்தை வாயால் செய்து காட்டுவார், "என் முதல் சம்சாரம் கண்ணை மூடிக்கிட்டு அளவு பாப்பா" என்பார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகும் சொன்னார். அப்படியென்றால் அந்தப் பென்சில் தேதிக்குப் பிறகும் சொன்னார்.

நான் சிரித்திருக்கிறேன் அக்கா. ஒரு தடவை இல்லை.

அவர் நல்ல மனுஷர். என் அம்மா ஆறு மாதம் படுக்கையில் கிடந்தபோது நான் கடைக்குப் போகிற நேரமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டினார். அந்த மனுஷரும் இந்த மனுஷரும் ஒரே ஆள் என்பது எனக்குள் பொருந்தி வர மாட்டேன் என்கிறது. அந்த இரண்டு சதவீதம் இல்லாவிட்டால் நீங்கள் இந்த வீட்டில் இருந்திருப்பீர்கள், நான் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறையில் இருந்திருப்பேன். இங்கே எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அதுதான் ஞாபகம் வருகிறது.

அவர் சார்பில் நான் மன்னிப்புக் கேட்கிறேன். என் சார்பிலும்.

தங்கச்சி


ஆகஸ்ட் 20

தங்கச்சிக்கு,

அவருக்காக நீங்கள் மன்னிப்புக் கேட்காதீர்கள். அது அவர் கேட்டிருக்க வேண்டியது. பத்து வருடம் இருந்தது, தபால்தலை இருந்தது, முகவரி இருந்தது. நோட்டுக்குள் பென்சிலால் எழுதி மூடி வைத்தால் அது யாருக்கு எழுதியது? தேனீக்களா படிக்கப் போகின்றன?

நான் முன்பு என்ன வேலை செய்தேன் என்று அவர் சொன்னாரா? மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பேன். பதினோரு வருடம். ஒரு நாள்கூடத் தவறாக எடுத்ததில்லை. அந்த வீட்டை விட்டு வந்த பிறகு ஒரு நாள் கையில் ஒரு குழந்தைக்கான மருந்துப் புட்டியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். சீட்டைப் பார்க்கிறேன், புட்டியைப் பார்க்கிறேன், இரண்டும் ஒன்றுதானா என்று எனக்கே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கடைக்காரர், "என்னம்மா, உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டார். அந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டேன். நீச்சல்குளத்தில் சாவியை மாற்றிக் கொடுத்தால் யாராவது ஈரமாக வீட்டுக்குப் போவார்கள், உயிர் போகாது. அதனால்தான் அங்கே சேர்ந்தேன்.

இன்றைக்கும் வேலைக்குக் கிளம்பினால் பஸ் நிறுத்தத்திலிருந்து ஒரு தடவையாவது திரும்பி வந்து அடுப்பைப் பார்ப்பேன். அவர் பார்த்த மாதிரியே தொட்டுப் பார்ப்பேன். அவர் கூட இல்லாவிட்டால் என்ன, அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

என் கண் சரியாகத்தான் பார்த்தது. இந்த ஒரு வாக்கியம் எனக்குப் பதினாறு வருடம் தாமதமாக வந்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிகிறது. கோபம்தான் வருகிறது. கோபப்பட ஆள் இல்லை. அதனால் உங்கள் மேல் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

நீங்கள் சிரித்ததைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னீர்கள். அதை நான் என்ன செய்வதென்று இன்னும் முடிவு பண்ணவில்லை.

கொஞ்ச நாள் எழுதாதீர்கள்.

தேன் பதினெட்டரை என்றால் அடைக்கலாம். கெடாது.

அக்கா


செப்டம்பர் 12

அன்புள்ள அக்கா,

எழுதாதே என்றீர்கள். மூன்று வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டு மறுபடி கட்டிக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவருடைய பழைய கூட்டாளிகள் நான்கு பேர் குடும்பத்தோடு வந்தார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கொஞ்ச நேரத்தில் பழைய கதைக்குப் போய்விட்டார்கள். ஒருவர் பேக்கரிக் கதையை எடுத்தார். மூடி வெடிக்கிற சத்தத்தையும் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான், "அந்தக் கதை தப்பு"ன்னேன்.

"சும்மா தமாஷுக்குத்தானே"ன்னார்.

"தமாஷ் இல்ல. அவங்க சரியாத்தான் பாத்தாங்க. குழல்தான் தப்பு. உங்க சிநேகிதருக்கும் தெரியும். தெரிஞ்சேதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு." நோட்டை எடுத்து வந்து, பக்கத்தைத் திறந்து மேஜை மேல் வைத்தேன். ஒவ்வொருவராகக் குனிந்து படித்தார்கள். கதையை ஆரம்பித்தவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, தோட்டத்துப் பக்கம் போய் நின்றார். போகும்போது அவர் மனைவி என் கையைப் பிடித்து, "நாங்களும் நிறையச் சிரிச்சிருக்கோம்மா"ன்னாங்க.

இதனால் உங்களுக்கு என்ன லாபம் என்று தெரியவில்லை. அந்த மேஜையில் உங்களுக்கு நடந்ததை, அந்த மேஜையிலேயே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மூன்று டின்னையும் அடைத்துவிட்டேன். மாமியார் மட்டும் மேல்பெட்டியை இப்போதுதான் மெழுகால் மூடி முடிக்கிறாள், இரண்டு வாரத்தில் எடுக்கலாம். குழலின் திருகை நான் தொடவில்லை. தொடத் தெரியாமல் இல்லை. அது நீங்கள் திருப்ப வேண்டியது என்று விட்டு வைத்திருக்கிறேன்.

நீங்கள் வருவீர்களா?

தங்கச்சி


செப்டம்பர் 21

தங்கச்சிக்கு,

சனிக்கிழமை பதினொரு மணி பஸ்ஸில் வருகிறேன். சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவேன். சமையல் ஒன்றும் வேண்டாம். மாமியார் முன்னால் நிற்க எனக்கு ஒரு முகவலை மட்டும் எடுத்து வையுங்கள்.

நீங்கள் அந்த நாலு பேரிடம் சொன்னதைப் படித்துவிட்டு, நீந்த வரும் அந்தப் பெண்ணிடம் நானும் சொன்னேன். "நான் சரியாத்தான் பாத்தேனாம்." அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "நல்லது"ன்னு சொல்லிவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போனாள். வாய்விட்டு ஒருத்தரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

அக்கா


அக்டோபர் 3

அன்புள்ள அக்கா,

சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று உங்கள் அட்டை வந்தது. கன்னத்து வீக்கம் வடிந்துவிட்டதா? பதினாலு வருடம் கழித்து வந்த மருமகளை மாமியார் நன்றாகத்தான் வரவேற்றாள்.

நீங்கள் போன பிறகு வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. சமையலறைத் தரையை இரண்டு தடவை வெந்நீர் ஊற்றித் தேய்த்துவிட்டேன், இன்னும் செருப்பு ஒட்டுகிறது. நீங்கள் எழுதினது இதைத்தான் என்று சிரித்துக்கொண்டேன். அந்தக் கத்தியை நீங்கள் பிடித்த பிடியைப் பார்த்தபோது, உங்கள் கைக்கு இந்த வீடு இன்னும் ஞாபகம் இருக்கிறது என்று தோன்றியது. எந்த இழுப்பறை சிக்கும், எந்த ஓடு ஆடும் என்று நீங்கள் பார்க்காமலேயே நடந்தீர்கள்.

பின்பக்கம் நீங்கள் தனியாகப் போய் நின்றபோது நான் ஜன்னலைச் சாத்தப் போனேன். காதில் விழுந்துவிட்டது. "பாத்தியா மனுஷா, கண்ணைத் திறந்துக்கிட்டுத்தான் பாத்தேன். ஒரு வரி எழுதிப் போட்டிருந்தா என்னய்யா குறைஞ்சு போயிருப்ப?"ன்னீங்க. நீங்கள் உள்ளே வந்தபோது கண் சிவந்திருந்தது. ஒன்று சொல்லட்டுமா? அவரிடம் சண்டை போட ஆள் வந்ததில் எனக்கு ஒரு ஆறுதல். மார்ச்சிலிருந்து எல்லோரும் அவரை நல்லவர் நல்லவர் என்றே சொல்லிச் சொல்லி, ஒரு படமாக மாட்டிவிட்டார்கள். நீங்கள் திட்டினபோதுதான் அவர் இந்த வீட்டில் நடமாடின ஆள் என்பது திரும்ப வந்தது.

பஸ் ஏறுகிற நேரத்தில் ஒரு கேள்வி கேட்டீர்கள். ஓட்டுநர் ஹாரன் அடித்துவிட்டார், பதில் சொல்ல முடியவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் எண்ணெய் வைத்து, திருகைத் திருப்பி, கோட்டை இருபத்தேழில் நிறுத்தினீர்கள். பிறகு மாமியாரின் தேனில் ஒரு சொட்டு. குழலை ஜன்னல் பக்கம் திருப்பி, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, வேண்டுமென்றே நேரம் கடத்தினீர்கள். எனக்குத் தெரியும், வேண்டுமென்றேதான். "எவ்வளவுக்கா?"ன்னு கேட்டேன். "பதினேழே முக்கால்"னு சொல்லிவிட்டு, குழலை என் பக்கம் நீட்டினீர்கள். நான் வாங்கவில்லை. நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். நீட்டின கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது.

"நீ ஏன் பாக்கலை?"ன்னு கேட்டீங்களே.

நான் இயல்பில் எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை பார்க்கிறவள்தான். ஒருவர் தலையை முடித்துவிட்டால் கண்ணாடியை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் காட்டிச் சரிதானா என்று கேட்காமல் அனுப்ப மாட்டேன். அன்றைக்கும் பார்க்க வேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் நான் அந்தக் குழலில் கண்ணை வைத்திருந்தால், என்ன எண் தெரிந்திருந்தாலும், நான் சரி என்று சொல்வேனா என்று நீங்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பீர்கள்.

நீங்கள் சொன்னீர்கள். நான் எழுதினேன். வேறு காரணம் இல்லை அக்கா.

நேற்று அந்தத் தேனை அடைத்து முடித்தேன். பன்னிரண்டு பாட்டில்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி